செய்னம்புவின் முதுகு

புதிதாக வேலைக்கு வந்திருக்கும் பெண்களே, கட்டுப் போடுவதையும் மருந்து கலப்பதையும் நான் உங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. என் காலத்து முறைகளில் பாதிக்குமேல் வழக்கொழிந்துவிட்டன. மீதியை நீங்கள் என்னைவிட நன்றாகவே செய்கிறீர்கள். நான் சொல்ல நினைப்பது வேறு. எதிரே படுத்திருப்பவளுக்கு என்ன வியாதி என்று உங்களுக்குத் தெரியாது. தெரியும்வரை காத்திருக்கவும் முடியாது. ஒன்றைச் செய்தால் ஒரு ஆபத்து, செய்யாவிட்டால் இன்னொரு ஆபத்து. அப்படி ஒரு காலைப்பொழுது உங்கள் எல்லோருக்கும் வரும். எனக்கு வந்ததைச் சொல்கிறேன்.

முதல் யுத்தம் தொடங்குவதற்கு மூன்று நான்கு வருஷங்களுக்கு முன்பு, மதராஸில் படித்துத் தேறி, பாளையங்கோட்டையில் ஒரு பெண்கள் ஆஸ்பத்திரியில் சேர்ந்தேன். எனக்கு மேலே சீமையிலிருந்து வந்த ஒரு டாக்டர். அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. ஊருக்கே அவர் பெரிய டாக்டரம்மா. நான் சின்ன டாக்டரம்மா. மாதம் ஒருமுறை மருந்துப் பெட்டியை வண்டியில் ஏற்றிக்கொண்டு, தாமிரபரணிக் கரையோரமாக ஆழ்வார்திருநகரி போய், அங்கிருந்து காயல்பட்டினம் வரை போய்த் திரும்புவது என் பொறுப்பு. காயல்பட்டினத்துப் பெண்கள் அந்நிய ஆண்கள் முன்னால் வரமாட்டார்கள். ஆண் டாக்டர் வந்தால் திரைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து, நீட்டிய கையில் நாடி பார்த்துவிட்டுப் போவார். ஆகையால் நான் போகிற நாளில் ஏதாவது ஒரு வீட்டின் உள்கட்டு பெண்களால் நிறைந்துவிடும்.

அப்படி ஒருநாள் எல்லோரும் பாயில் உட்கார்ந்திருக்க, ஒரு பெண் மட்டும் தூணோரம் நின்றுகொண்டிருந்தாள். இருபது வயதைத் தாண்டியிருப்பாள். ஒல்லியான உடம்பு, களைத்த முகம்.

"உக்காரும்மா, உன் முறை வர நேரமாகும்" என்றேன்.

"உக்காந்தா எந்திரிக்கதுக்கு ரொம்ப நேரமாவும் டாக்டரம்மா. நான் நின்னுக்கிடுதேன்."

அவள்தான் செய்னம்பு. கூட வந்திருந்தது அவளைப் பெற்ற உம்மா. கணவர் கொழும்பில் வியாபாரம் செய்தார். வருஷத்துக்கு ஒரு தடவை வந்து போவார். அந்த ஊரில் கல்யாணமான பெண் தாய் வீட்டிலேயே இருப்பாள், மாப்பிள்ளைதான் அங்கே வந்து தங்குவார். செய்னம்புவுக்குக் கல்யாணத்துக்கு முன்பே இடுப்பில் தொடங்கிய வலி, இப்போது மேலே ஏறிக் கழுத்தையும் பிடித்திருந்தது. பிள்ளை உண்டாகாததால்தான் இடுப்பு வலி என்று மருத்துவச்சி சொல்லியிருந்தாள். இடுப்பு வலியால்தான் பிள்ளை உண்டாகவில்லை என்று மாமியார் வீட்டில் சொன்னார்கள். நாடி பார்த்த டாக்டர் ஒருவர் கருப்பைக் கோளாறு என்று சிவப்பாக ஒரு மருந்து கொடுத்திருந்தார். எண்ணெய் தேய்த்தார்கள், புளியிலை ஒத்தடம் கொடுத்தார்கள், தண்ணீர் ஓதிக் கொடுத்தார்கள். இத்தனை பேரில் ஒருவரும் அவள் முதுகைப் பார்க்கவில்லை.

நான் உள்ளறைக்குக் கூட்டிப்போய்ப் பார்த்தேன். நமக்கெல்லாம் இடுப்புக்கு மேலே முதுகு சற்று உள்வாங்கி வளைந்திருக்குமல்லவா? அவளுக்கு அந்த வளைவே இல்லை. பலகைபோலத் தட்டையாக இருந்தது. குனியச் சொன்னேன். இடுப்பு மடங்காமல் தொடையிலிருந்து சாய்ந்தாள். விரல்கள் முழங்காலைத் தாண்டவில்லை. கதவுப் பக்கம் பார்க்கச் சொன்னேன். தலையைத் திருப்பாமல் உடம்போடு திரும்பினாள்.

"வலி எப்பம்மா கூடுதல்? ராத்திரியா, பகலா?"

அவள் யோசித்துச் சொன்னாள். "சுபுஹு தொழுகைக்கு எந்திரிக்கவே முடியாது. உம்மா தூக்கிவிடணும், உக்காந்துகிட்டே தொழுதுக்கிடுவேன். லுஹருக்கு நின்னு தொழுவேன், ருகூவுல பாதி குனிவேன். அஸர் நேரத்துல ஸுஜூதுகூட பைய போயிருவேன். மறுநா காலையில திரும்பவும் கட்டைதான்."

விடியற்காலைத் தொழுகையில் எழவே முடியாதவள், மத்தியானத் தொழுகையில் பாதி குனிந்து, மாலைத் தொழுகையில் நெற்றியைத் தரையில் வைத்துவிடுகிறாள். படுத்து ஓய்வெடுத்தால் எந்த வலியும் குறையவேண்டும். இவளுக்கு ஓய்வில் கூடுகிறது, நடமாட்டத்தில் குறைகிறது. நான் மதராஸில் படித்ததில் இதற்கு விளக்கம் எதுவும் இல்லை.

"நான் நடிக்கேன்னு சொல்லுதாவ" என்றாள் திடீரென்று. "காலையில கட்டையாக் கெடக்கா, மத்தியானம் அடுப்படியில சுத்துதா, இது என்ன நோவுன்னு என் மாமி கேக்காவ. அவுகளச் சொல்லி என்ன? எனக்கே சில நேரம், நான் நடிக்கேனோன்னு தோணுது."

சொல்லிவிட்டு அழுதாள். அழும்போது தலை குனியவில்லை. கண்ணீர் நேராகக் கழுத்தில் இறங்கியது. வலியைவிட இந்தச் சந்தேகம்தான் அவளை அதிகம் தின்றிருந்தது. உங்களிடம் வருகிறவர்களில் பலர் ஏற்கெனவே பத்து பேரிடம் நம்பப்படாமல் வந்தவர்கள். பதினோராவது ஆளாக நீங்களும் உட்கார்ந்துவிடாதீர்கள். "நீ நடிக்கலம்மா. முதுகு நடிக்காது. இது என்ன வியாதின்னு எனக்குத் தெரியல, ஆனா வியாதி இருக்கு" என்று சொன்னேன். அதற்கே அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

பாளையங்கோட்டைக்கு வரச் சொன்னேன். அந்த ஊரிலிருந்து ஒரு இளம்பெண்ணைக் கூட்டி வருவது லேசான காரியமில்லை. கொழும்புக்கு எழுதி, மாப்பிள்ளையின் சம்மதம் வந்தபிறகு, திரைபோட்ட வண்டியில் தாயும் மகளும் வந்து சேர்ந்தார்கள்.

பெரிய டாக்டரம்மா நிதானமாகச் சோதித்தார். பிறகு என்னைத் தனியே அழைத்து, முதுகெலும்புக் காசமாக இருக்கலாம் என்றார். அந்தக் காலத்தில் இளவயது, மெலிந்த உடம்பு, முதுகு வலி என்றால் அந்தச் சந்தேகம்தான் முதலில் வரவேண்டும், இப்போதும் வரவேண்டும். அந்த நோயில் எலும்பு உள்ளுக்குள் அரித்துக்கொண்டே போய் ஒருநாள் நொறுங்கி உட்கார்ந்துவிடும். இடுப்புக்குக் கீழே கால் செத்துப்போகும். அதைத் தடுக்க ஒரே வழி, ஆளை அசையாமல் படுக்கவைத்து, மார்பிலிருந்து இடுப்புவரை பிளாஸ்டர் கட்டுப் போட்டு, மாதக்கணக்கில் அப்படியே வைத்திருப்பது. எலும்பைப் படம் பிடித்துப் பார்க்கும் கருவி எங்கள் பக்கத்தில் கிடையாது.

பிளாஸ்டர் பொடி மதராஸிலிருந்து வரவேண்டியிருந்தது. அதுவரை செய்னம்புவை மல்லாக்கப் படுக்கவைத்தோம். எழக்கூடாது, புரளக்கூடாது. நாளுக்கு நாள் மோசமானாள். படுக்கை மாற்றத் தூக்கும்போது முந்தானையை வாயில் கடித்துக்கொள்வாள். வீட்டில் மாலைக்குள் இளகிய உடம்பு, இங்கே மாலையிலும் இளகவில்லை. நான் போய்ச் சொன்னேன். படுக்கப் பழகும்வரை சிலருக்கு அப்படி இருப்பதுண்டு, பொறுத்துப் பார்ப்போம் என்றார் பெரிய டாக்டரம்மா. அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது.

பொடி வந்தது. கட்டுப் போடும் நாள் காலையில் துணிச்சுருள்களில் பொடியைத் தேய்த்து வைத்தாயிற்று. தண்ணீர் காய்ந்துகொண்டிருந்தது. அப்போது வார்டு நர்ஸ் வந்து, "அந்தக் காயல்பட்டினத்துப் பிள்ளைக்குக் கண்வலி வந்திருக்கு. மத்தவங்களுக்கு ஒட்டுமுன்னே தனியாப் போட்டிரலாமா?" என்று கேட்டாள்.

போய்ப் பார்த்தேன். வலது கண் சிவந்திருந்தது. ஆனால் பீளை இல்லை, இமை ஒட்டவில்லை. கருவிழியைச் சுற்றித்தான் சிவப்பு. ஜன்னலைத் திறந்தால் துடித்தாள். உள்ளே கண்மணி சுருங்கிக் கிடந்தது, வெளிச்சத்துக்கு அசையவில்லை. ஒட்டுகிற கண்வலி அப்படி இருக்காது. இது கண்ணின் உள்ளே வரும் அழற்சி. கவனிக்காமல் விட்டால் பார்வை போகும்.

"முன்னாடி இப்படி வந்திருக்காம்மா?"

அவளுடைய உம்மாதான் பதில் சொன்னார். "ரெண்டு வருசம் முந்தி எடது கண்ணுல வந்துச்சு. அப்பம் இடுப்பும் ரொம்பப் படுத்துச்சு. கண்ணுக்கும் இடுப்புக்கும் என்ன சம்மந்தம்னு நாங்க யாருட்டயும் சொல்லல."

எனக்கும் அந்தச் சம்பந்தம் தெரியாது. ஆனால் காலை இறுக்கம், நடந்தால் இளகுவது, படுத்தால் கெடுவது, இப்போது இரண்டாம் முறையாகக் கண். காசத்தோடு இதெல்லாம் சேரவில்லை. காய்ச்சலும் இல்லை. முதுகைத் தட்டிப் பார்த்தால் ஒரு குறிப்பிட்ட எலும்பில் வலி என்றும் இல்லை. பெரிய டாக்டரம்மாவை வரச் சொல்லி ஆள் அனுப்பினேன். அவர் வந்து கண்ணைப் பார்த்து, உடனே கண்மணியை விரிக்கும் சொட்டு மருந்து போட்டார். போட்டு முடித்ததும் நான் தாழ்வாரத்துக்கு அழைத்துப்போய், இன்றைக்குக் கட்டு வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். நாங்கள் ஆங்கிலத்தில் பேசினோம், தமிழில் சொல்கிறேன்.

"காசமாக இருந்து, நீ சொல்கிறபடி அவளை நடக்கவைத்து, கால் போய்விட்டால்?" என்று கேட்டார்.

"காசம் இல்லாமல் இருந்து, கட்டுக்குள் வைத்து நாமே அவளை மரமாக்கிவிட்டால்?"

"நான் கேட்டதற்குப் பதில் சொல். கால் போனால் நீ பொறுப்பேற்பாயா?"

ஏற்பேன் என்று சொல்லியிருந்தால் அது வெறும் வீம்பு. அவள் கால்களுக்கு நான் எப்படிப் பொறுப்பாக முடியும்? "முடியாது. ஆனால் படுக்கவைத்ததிலிருந்து அவள் மோசமாகிக்கொண்டே வருகிறாள். அது நம் கண்முன் நடக்கிறது" என்றேன்.

அவர் கோபித்துக்கொள்வார் என்று நினைத்தேன். கோபிக்கவில்லை. கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். உள்ளே நனைத்து வைத்த முதல் துணிச்சுருள் பாத்திரத்திலேயே இறுகிவிட்டது என்று நர்ஸ் வந்து சொன்னாள். எறிந்துவிடு என்றார். பிறகு மெதுவாகச் சொல்லத் தொடங்கினார். அவர் படித்த காலத்தில், அவருடைய ஊரில், குதிரைவண்டி ஓட்டும் ஒருவர் ஆஸ்பத்திரிக்கு வந்தாராம். கழுத்திலிருந்து இடுப்புவரை முதுகு ஒரே தடியாக ஆகிவிட்டிருந்தது. வளைந்தபடி இறுகியதால் தரையைத் தவிர எதையும் பார்க்க முடியாது. அவருக்கும் கண் அடிக்கடி சிவக்கும். முதுகு மூட்டுகளில் வரும் ஒருவகை வாதம் என்றும், இன்னும் யாருக்கும் சரியாகப் பிடிபடவில்லை என்றும் அவருடைய ஆசிரியர் சொன்னாராம். "ஆணுக்குத்தான் வரும் என்று சொல்லிக்கொடுத்தார்கள். அதனால்தான் எனக்கு நினைவே வரவில்லை" என்றார். பிறகு, "அதுதான் இது என்று நான் சொல்லவில்லை. இருக்கலாம் என்று மட்டும் சொல்கிறேன். முடிவை நாம் இருவர் மட்டும் எடுக்கக்கூடாது. நீ போய் அவளிடம் சொல்" என்றார்.

கட்டிலருகே உட்கார்ந்து இரண்டு பயத்தையும் ஒளிக்காமல் சொன்னேன். நடந்தால் என்ன ஆகலாம், படுத்தே கிடந்தால் என்ன ஆகலாம் என்று. அவளுடைய உம்மாவுக்குக் கோபம் வந்தது.

"படிச்ச ரெண்டு பேரு ஆளுக்கு ஒண்ணு சொல்லுதிய. நாங்க எத நம்புததுக்கு?"

"ஆளுக்கு ஒண்ணு சொல்லலம்மா. எங்க ரெண்டு பேருக்குமே தெரியல. அதத்தான் மறைக்காமச் சொல்லுதோம். பைய நடக்கவச்சுப் பாக்கோம். தெனமும் காலையில காலைச் சோதிப்போம். கொஞ்சம் வித்தியாசம் தெரிஞ்சாலும் நிறுத்திட்டுக் கட்டுப் போட்டிருவோம்."

"கால் போன பொறவு கட்டுப் போட்டு என்ன செய்ய?"

கண்ணில் துணி கட்டிப் படுத்திருந்த செய்னம்பு பேசினாள். "உம்மா, இந்த மூணு நாலு வருசத்துல, தெரியலன்னு சொன்ன ஒரே ஆளு இவுகதான். தெரியும்னு சொன்னவுக மருந்தெல்லாம் குடிச்சாச்சு. நான் நடக்கேன்."

மறுநாள் முதல் நடந்தாள். விடிந்ததும் வெந்நீரில் பிழிந்த துணியை முதுகில் போட்டு, கைத்தாங்கலாக எழுப்பி, வார்டின் பின்பக்கத் தாழ்வாரத்தில் நடக்கவைத்தோம். வாதத்துக்கு அன்றைக்கு எங்களிடம் இருந்த உப்பு மருந்தையும் கொடுத்தோம். அதைக் குடித்தால் காதில் வண்டு இரையும் என்று முகத்தைச் சுளிப்பாள், ஆனாலும் குடித்துவிடுவாள். தினமும் பாதத்தில் ஊசி முனையால் தொட்டுப் பார்ப்பேன். காலைத் தூக்கச் சொல்வேன்.

ஒருநாள் ஊசியால் தொட்டபோது, "வலது காலுல ஒண்ணும் தெரியல, டாக்டரம்மா" என்றாள்.

பெரிய டாக்டரம்மா ஆப்பரேஷன் அறையில் இருந்தார். ஓடிப்போய்ச் சொல்லவேண்டும் என்று கால் பரபரத்தது. கட்டுக்கு வேண்டியதை எடுத்து வை என்று நர்ஸிடம் சொல்ல வாயைத் திறந்துவிட்டேன். பிறகு ஏதோ தோன்றி, "இப்ப வரைக்கும் என்ன பண்ணிக்கிட்டு இருந்த?" என்று கேட்டேன். தொழுதுவிட்டு, காலை மடக்கி அதன்மேல் உட்கார்ந்து நெடுநேரம் ஓதிக்கொண்டிருந்தாளாம். காலை நீட்டச் சொல்லிக் காத்திருந்தேன். சற்று நேரத்தில், "எறும்பு ஊருத மாதிரி இருக்கு... ஆ! குத்துது, குத்துது!" என்று காலை இழுத்துக்கொண்டாள். மரத்துப்போன கால். அவளுடைய உம்மா முதன்முறையாக என்னைப் பார்த்துச் சிரித்தார். நான் வெளியே போய்த் தண்ணீர் குடித்தேன். அவசரம் என்று உடம்பெல்லாம் சொல்லும்போதும் ஒரு கேள்வி கேட்க நேரம் இருக்கும், பெரும்பாலும் இருக்கும்.

கண் தெளிந்தது. கால்கள் நன்றாகவே இருந்தன. அடுத்த வாரங்களில் ஒருநாள் விடிந்தும் விடியாத நேரத்தில் வார்டுக்குள் போனேன். செய்னம்பு தன் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று தொழுதுகொண்டிருந்தாள். குனிந்தாள். முழுக்க இல்லை, முக்கால்வாசி. ஆனால் அது சுபுஹு. நான் கதவோரமாக நின்றுவிட்டேன். தொழுது முடித்துத் திரும்பியவள் என்னைப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டாள்.

குணமாகிவிட்டது என்று நாங்கள் சொல்லவில்லை. பெரிய டாக்டரம்மா தன் புத்தகத் தமிழில் அவளுக்கு விளக்கினார். "மகளே, இந்த முதுகு இறுகாமல் இருக்கும் என்று நான் வாக்குக் கொடுக்கமாட்டேன். ஆனால் வளைந்து இறுகவேண்டாம். இறுகினால் நிமிர்ந்தே இறுகட்டும்." அதற்காகத் தலையணை இல்லாமல் பலகையில் படுக்கவேண்டும், சற்று நேரம் குப்புறப் படுக்கவேண்டும், மார்பு சுருங்காமல் இருக்க மூச்சை இழுத்து விடவேண்டும். மூச்சுப் பயிற்சிக்கு அவளே வழி கண்டுபிடித்தாள்: குர்ஆன் ஓதும்போது நீளமான ஆயத்துகளை, அந்த வசனங்களை, ஒரே மூச்சில் ஓதுவாள்.

தினமும் நடக்கவேண்டும் என்பதுதான் எனக்குக் கவலையாக இருந்தது. அவர்கள் ஊரில் இளம்பெண் தெருவில் நடந்துகொண்டிருக்க முடியுமா? தயங்கித் தயங்கிக் கேட்டேன். அவளுடைய உம்மா சிரித்தார்.

"எங்க ஊருல பொம்பளையளுக்குன்னு முடுக்கு இருக்குல்லா? நீங்க வண்டியில வந்து வண்டியில போறிய, அந்தப் பக்கம் பாத்ததில்ல."

அடுத்த முறை போனபோது பார்த்தேன். வீடுகளுக்கு நடுவே, தெருவில் இறங்காமல் பெண்கள் போய்வர ஒடுக்கமான சந்துகள். ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு வீடு வீடாகப் போகலாம். கறிக் கிண்ணம், கடன் கேட்ட அரிசி, பிள்ளைப்பேறு செய்தி, எது போகவேண்டியிருந்தாலும் செய்னம்புதான் கொண்டுபோனாள். "அவளுக்கு டாக்டர் சொன்ன மருந்து இது" என்று அண்டை வீட்டார் வேலைகளைச் சேர்த்துவைத்துக் கொடுத்தார்கள். நடிக்கிறாள் என்று சொன்ன மாமியாரும் தன் வீட்டுப் பலகாரத்தை அவளிடமே கொடுத்தனுப்பினார்.

பின்னாளில் மருத்துவப் பத்திரிகைகளில் இந்த வியாதியைப் பற்றிப் படித்தேன். வேறு வேறு தேசத்து டாக்டர்கள் ஆளுக்கொரு பெயர் வைத்திருந்தார்கள். காரணம் ஒருவருக்கும் தெரிந்திருக்கவில்லை. பதில் கிடைத்தது என்று சொல்லமாட்டேன். ஒரு பெயர் கிடைத்தது. பெயரும் சிறு விஷயமில்லை. அடுத்த முறை போனபோது செய்னம்புவிடம் அதைச் சொன்னேன். திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்துச் சிரித்தாள். "அப்பம் என்னை மாதிரி சீமையிலயும் இருக்காவளா!" என்றாள்.

வருஷங்கள் போயின. யுத்தம் வந்தது, கொழும்புக் கப்பல்கள் முன்போல வரவில்லை. அவளுடைய கணவர் ஒருவழியாக வந்து சேர்ந்து, ஊரிலேயே தங்கினார். அதற்குள் செய்னம்புவின் கழுத்து அநேகமாக இறுகிவிட்டது. யாராவது கூப்பிட்டால் உடம்போடு திரும்பிப் பார்ப்பாள். சில காலங்களில் வலி மறுபடி வந்து படுத்தும்; கண்ணும் இன்னொரு முறை சிவந்தது, உடனே ஆளனுப்பினார்கள். ஆனால் நிமிர்ந்து நின்றாள். எதிரே வருகிறவரின் முகம் பார்த்துப் பேசினாள்.

பிறகு அவள் உண்டானாள். இறுகிய இடுப்போடு எப்படிப் பெறப்போகிறாளோ என்று நானும் பெரிய டாக்டரம்மாவும் பயந்தோம். முன்கூட்டியே பாளையங்கோட்டைக்கு வரவழைத்துக்கொண்டோம். பிரசவம் நீண்டது. குழந்தையை இழுத்தெடுக்க ஆயுதம் தேவைப்படலாம் என்று எல்லாம் தயாராக வைத்திருந்தோம், தேவைப்படவில்லை. மத்தியான வெயில் ஜன்னலில் விழுந்தபோது பெண் குழந்தை பிறந்து வீறிட்டு அழுதது.

குழந்தையைத் துடைத்துக் கொண்டுவந்தேன். "பொண்ணு" என்றேன்.

"பொறவு பாக்கேன் டாக்டரம்மா, முதல்ல என்னத் தூக்கி நிறுத்துங்க. இவ்வளவு நேரம் படுத்துக் கெடந்ததுல முதுகு கட்டையாப் போச்சு" என்றாள் செய்னம்பு.

புதிதாக வந்திருந்த ஆயா பதறினாள். "பிள்ள பெத்த உடம்பு! அசையாமப் படுத்திருக்கணும்லா!"

"நீ சும்மா இரு தாயி. எம்மவளுக்குப் படுக்கைதான் ஆகாது" என்றார் அவளுடைய உம்மா.

பெரிய டாக்டரம்மா ரத்தப்போக்கைப் பார்த்துக்கொண்டு, சற்றுப் பொறுக்கச் சொன்னார். பிறகு தலையசைத்தார். நானும் நர்ஸும் இரண்டு பக்கமும் தாங்கி அவளை எழுப்பி நிறுத்தினோம். கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடி, நீளமாக ஒரு மூச்சு விட்டாள். பிறகு பிள்ளையைக் கேட்டாள். மார்போடு சேர்த்து வைத்தோம். அவளுக்குக் குழந்தையின் முகம் தெரியவில்லை, கழுத்து குனியாது. அவளுடைய உம்மா குழந்தையை வாங்கி, இரண்டு கைகளாலும் மகளின் முகத்துக்கு நேரே உயர்த்திப் பிடித்தார். பார்த்து முடிக்கும்வரை கையை இறக்கவில்லை.